விரலுக்கேற்ற கம்பி

என் மோதிர விரலுக்காக அன்று எல்லோரும் கூடியிருந்து கம்பி தேடினார்கள். நல்ல கூத்து! விரல் எப்படி உடைந்தது என்று ஒரு நாயும் கேட்கவில்லை. எந்தக் கம்பி போட்டால் உடைந்த விரல் நோகாது என்பதுதான் பேச்சு.

இது நடந்தது மரியநேசன் அண்ணையின் மீன்வாடியில். முல்லைத்தீவுக் கடற்கரையில் வலைகளை ஒரு மூலையில் குவித்துவிட்டு மற்றப் பக்கத்தில் எங்கள் இசைக்குழு ஒத்திகை பார்க்கும். அண்ணைதான் குழுவின் தலைவர், கீபோர்ட் வாசிப்பார். டிலுசா பாடுவாள், சுமன் லீட் கிற்றார். பேஸ் கிற்றார் நான், யூலிற்றா. டிரம்ஸ் அடிப்பவன் நிறோஜன், என் புருஷன். அடுத்து வந்த ஞாயிறு மாதா கோவில் திருவிழா. மணலில் மேடை போட்டாயிற்று.

பேஸில் நாலு கம்பி. அந்தக் கம்பிகள் வரும் பெட்டியில் ஒரு இலக்கம் போட்டிருக்கும். அது நாலிலும் ஆகத் தடித்த கம்பியின் பருமன். நான் கலியாணம் கட்டி வரும்போது 105 போட்டு வாசித்தவள். அது விறைத்து நிற்கும், அமத்த விரலில் பலம் வேண்டும். ஆனால் அதன் சத்தம்! கடற்காற்றிலும் கலையாது. மேடைக்கு முன்னால் நிற்கிறவனின் வயிற்றில் போய் இடிக்கும். அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் வாசிக்கிறேன். பேருக்காகவும் இல்லை, கைதட்டலுக்காகவும் இல்லை.

கலியாணம் முடிந்த முதல் வருடமே நிறோஜன் அலுமாரிக் கதவை என் இடக்கையின்மேல் அடித்துச் சாத்தினான். மோதிர விரல் உடைந்தது. வாடிக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். நான் கத்தியது எல்லோருக்கும் கேட்டிருக்கும். மரியநேசன் அண்ணை என்ன செய்தார் தெரியுமா? வவுனியாவுக்குச் சொல்லி 100ஆம் இலக்கக் கம்பி எடுப்பித்தார். "இது மெல்லிசு பிள்ளை, உனக்குச் சுகமாயிருக்கும்" என்றார். அதற்கு நான் நன்றி வேறு சொன்னேன், விசரி!

பிறகு முள்ளியவளையில் ஒரு கலியாண வீடு. குடித்துவிட்டு மேடையேறிய நிறோஜன் தாளத்தை ஓட விட்டான். டிரம்ஸ் ஓடினால் பேஸ்தான் பிடித்து நிறுத்த வேண்டும். நான் நிறுத்தினேன். பாட்டு குழம்பாமல் முடிந்தது, ஆனால் சனம் அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும், "ஆக்களுக்கு முன்னால என்னை இழுத்துப் பிடிப்பியோடி?" என்று கேட்டுக் கேட்டே என் சின்ன விரலைப் பின்பக்கமாக மடக்கினான். முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்டது, அதன் பிறகுதான் விட்டான்.

அந்த முறை அண்ணை வாங்கி வந்தது மழமழப்பான கம்பி. "தடவிப் பார், பட்டு மாதிரி இருக்கு" என்றார். பாவம், மழமழப்பு என்றால் மென்மை என்று நினைத்துவிட்டார். அது தட்டையாகச் சுற்றிய கம்பி. கைக்கு வழுக்கும், ஆனால் லேசில் வளையாது. 105ஐ விட விறைப்பு. ஒரு பின்னேரம் வாசித்ததற்கே கை வீங்கிவிட்டது. உடனே கழற்றிவிட்டு 95 போட்டார்கள். 95 எல்லாம் ஒரு கம்பியா? தொளதொளவென்று ஆடும். கொஞ்சம் வேகமாகத் தட்டினால் கிற்றாரின் கழுத்தில் பட்டுச் சடசடக்கும். சத்தத்தில் ஒரு சத்தும் இல்லை. நான் அதையும் பழகினேன்.

ஒத்திகைக்கு முந்தின கிழமை சம்பல் உறைப்பென்று சொல்லிக் கோப்பையைக் குசினிச் சுவரில் எறிந்தான். உடைந்த துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தேன். செருப்புக் காலால் என் கையை மிதித்து, சிகரட்டை நூர்ப்பதுபோல் ஒரு திருகு திருகினான். பழைய மோதிர விரல்தான், திரும்பவும்.

அதோடுதான் அன்றைக்கு ஒத்திகைக்குப் போனேன். கன்னத்தில் இருந்த காயத்தை டிலுசா தன் கிறீமால் பூசி மறைத்துவிட்டாள். நல்ல பிள்ளை, ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் பாட்டிலேயே விரல் கம்பியை அமத்த மறுத்தது. எல்லோரும் நிறுத்தினார்கள். தொடங்கிற்று மாநாடு.

"அரைச் சுரம் இறக்கிக் கட்டுவம் அண்ணை. கம்பி இளகும்" என்றான் சுமன்.

"இறக்கினால் எனக்கும் பாடச் சுகம்" என்றாள் டிலுசா.

"80 எண்டு ஒண்டு இருக்காம். கொழும்புக்குச் சொல்லியிருக்கிறன், வெள்ளிக்குள்ள வந்திடும்" என்றார் மரியநேசன் அண்ணை. "சத்தம் கொஞ்சம் குறையும்தான். என்ன செய்யிறது, பிள்ளையின்ரை கை அப்பிடி."

பிள்ளையின் கை அப்படியாம்! பிறக்கும்போதே இந்தக் கையோடு பிறந்தேனா?

நிறோஜன் தன் டிரம்ஸுக்குப் பின்னால் இருந்து சிம்பலைத் துடைத்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "ஏன் அண்ணை உந்தக் கரைச்சல்? நீங்கள் கீபோர்ட்டில இடக்கையால பேஸ் அடியுங்கோ. இவள் வீட்டில நிக்கட்டும்."

மரியநேசன் அண்ணை நாடியைச் சொறிந்தார். யோசிக்கிறார்! விரலை உடைத்தவன் சொல்லுகிறான், இவர் யோசிக்கிறார். விரல் போனதைப் பொறுத்தேன். பேஸும் போகப் போகிறது என்று தெரிந்ததும் எனக்கு நெஞ்சு கொதித்துவிட்டது.

"கம்பியை மாத்த வேண்டாம் அண்ணை. டிரம்ஸ் அடிக்கிறவனை மாத்துங்கோ" என்றேன்.

ஆட்களுக்கு முன்னால் புருஷனை 'அவன்' என்று சொன்னது அன்றுதான் முதல். சுமன் நிலத்தைப் பார்த்தான்.

"பிள்ளை, புருஷன் பெண்சாதிக் கதையைக் குறூப்புக்குள்ள கொண்டுவரப்படாது" என்றார் அண்ணை.

"நானே கொண்டுவந்தனான்? நீங்களெல்லே ஒவ்வொரு பெட்டியாய் வாங்கிக்கொண்டு வந்தனீங்கள்! இவன் உடைக்க உடைக்க நீங்கள் மெல்லிசு மெல்லிசாய் வாங்கித் தாறியள். 80க்குப் பிறகு என்ன, தையல் நூல் கட்டுறதோ?"

நிறோஜன் எழும்பினான். ஸ்டூல் ஒரு பக்கம் போனது, சிம்பல் கவிழ்ந்து விழுந்தது. என் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து ஸ்பீக்கர் பெட்டியில் மோதினான். கண் இருண்டது. பிறகு இடக்கையைப் பிடித்தான். வீங்கிய விரலைத் தேடிப் பிடித்தான். "இந்த விரல்தானே? இந்த விரல்தானேடி கதைக்க வைக்குது?" என்று நசித்தான்.

"டேய், விடடா" என்றான் சுமன், நின்ற இடத்தில் நின்றபடியே. மரியநேசன் அண்ணை, "ஆண்டவரே" என்றார். ஆண்டவர் வந்து பிடிக்கட்டும் என்றுதான் எல்லோரும் நின்றார்கள்.

காலால் அவன் முழங்காலில் உதைத்தேன். பிடி கழன்றது. தோளிலிருந்த பட்டியைக் கழற்றி, பேஸின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து ஓங்கினேன். நல்ல பாரமான மரம். முதல் அடி அவன் தோளெலும்பில் விழுந்தது. எலும்பு முறிந்தது கைக்குத் தெரிந்தது. இரண்டாவது அடி வாயில். பல் தெறித்து வலைக்குள் போனது. எனக்கு நன்றாக இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? மூன்றாவது அடிக்கு ஓங்கியபோதுதான் எல்லோரும் ஓடி வந்தார்கள். என்னைப் பிடிக்க!

பேஸின் கழுத்து வெடித்து, கம்பிகள் தொய்ந்து தொங்கின. அதைப் பார்த்துத்தான் அழுதேன்.

ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் போகும்போது மரியநேசன் அண்ணை திருப்பித் திருப்பிச் சொன்னார்: "பைக்கால விழுந்தது எண்டு சொல்லுவம். திருவிழா நேரம். பொலிஸ் கிலிஸ் எண்டு போனால் குறூப்பின்ரை பேர் நாறிப்போம்." நிறோஜன் இரத்தத்தைத் துப்பிக்கொண்டு தலையாட்டினான்.

டொக்டர் ஒரு இளம் பெண். எப்படி நடந்தது என்று கேட்டா.

"பைக்கால... விழுந்தனான்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் இதே வாங்குப் பலகையில் உட்கார்ந்து நானும் 'விழுந்தனான், விழுந்தனான்' என்றுதான் சொல்லியிருந்தேன். பெண்சாதி அடித்தாள் என்று சொல்ல அவனுக்கு வெட்கம். சாகட்டும் வெட்கத்தில்.

"அவர் விழேல்லை டொக்டர். நான்தான் அடிச்சனான். கிற்றாரால."

மரியநேசன் அண்ணையின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது. "பிள்ளை, வாயைப் பொத்து. உன்னைத்தான் உள்ளுக்குப் போடுவாங்கள்."

"போடட்டும்."

டொக்டர் அவனை விட்டுவிட்டு என் இடக்கையை எடுத்தா. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தா. கோணலாகப் பொருந்திய சின்ன விரலை மெல்லத் தொட்டா, பிறகு வீங்கிய மோதிர விரலின் மூட்டைத் தொட்டா. "இது பழைய முறிவு. இது அதைவிடப் பழசு, அதுக்கு மேல திரும்பவும் உடைஞ்சிருக்கு" என்றா. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தா. "ஆர் உடைச்சது?"

இவ்வளவு வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. மரியநேசன் அண்ணை தோளை இன்னும் இறுக்கினார்.

நான் பெயரைச் சொன்னேன். வெளியே வரிசையில் நின்ற சனத்துக்கும் கேட்கட்டும் என்று, தகப்பன் பெயரையும் சேர்த்து உரக்கச் சொன்னேன்.