சுக்குத் தட்டிப் போட்ட ஒயின்

சிங்கப்பூரின் செங்காங்கில் பதினாறு வெள்ளி தொண்ணூறு காசுக்கு விற்ற சிவப்பு ஒயினைக் குடித்துவிட்டு ஒரு ஞாயிறு மதியம் படுத்த வைதேகி, செம்மண் படிந்த ஒரு திராட்சை மலைச்சரிவில் கண்விழித்தார். வெயில் இதமாக இருந்தது. இரண்டு வரிசை தள்ளி, மூன்று ஆண்டுகளாக அவரோடு பேசாத மகள் சுஷ்மிதா கூடையும் கையுமாகப் பழம் பறித்துக்கொண்டிருந்தாள்.

பத்திரிகை அடித்து மண்டபமும் பேசி முடித்த பிறகு கல்யாணம் வேண்டாம் என்றவள் அவள். “இனி என் வாசப்படி மிதிக்காத” என்று வைதேகியும் வார்த்தையை விட்டுவிட்டார். மகள் தீவின் மறுகோடியில், சுவா சூ காங்கில், அறை எடுத்துப் போனாள். கூடவே வைதேகியின் தூக்கமும் போனது. அலுவலகத்து யாமினிதான், “ஒரு டம்ளர் ரெட் ஒயின் குடிச்சுப் பாருங்கக்கா, நல்லா தூக்கம் வரும் லா” என்றாள். கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த பாட்டிலை வைதேகி எடுத்தார். ஒரு வாய் வைத்ததும் பல் கூசியது. கொட்டவும் மனமில்லை. தேக்கா சந்தையில் வாங்கிய சுக்கைத் தட்டிப் போட்டு, பனங்கற்கண்டு சேர்த்து, கஷாயம்போல் கொதிக்கவைத்து, எவர்சில்வர் டம்ளரில் ஆற்றிக் குடித்தார். அதே ஒயினைக் கண்ணாடிக் கோப்பையில் அப்படியே குடித்த யாமினிக்குத் தலைவலிதான் வந்தது.

ஆக, அந்தச் சரிவுக்கு வழி சுக்குதான்; சுவா சூ காங்கிலும் ஒருத்தி அதே பாட்டிலை வாங்கி, முகம் சுளித்து, சுக்கைத் தேடியிருக்கிறாள். வைதேகிக்கு அதை நினைக்கப் பெருமையாகவும் அழுகையாகவும் இருந்தது.

பத்து ஞாயிறுகள் இருவரும் பழம் பறித்தார்கள். அந்தச் சரிவில் மட்டும் யாருக்கும் குரல் எழும்பவில்லை. வைதேகி வாயசைத்துப் பார்த்தார். மகள் காதில் கைவைத்து, கேட்கவில்லை என்று தலையாட்டினாள். பதினோராவது வாரம் கடைக்காரர்கள் அந்த ஒயினை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் மிச்சமிருந்தது ஒரு டம்ளர். அது தீர்ந்தால் மகளின் முகமும் தீர்ந்தது. காய்ச்சி, பிளாஸ்கில் ஊற்றி, வைதேகி ரயில் ஏறினார்.

மகளின் அறைக் கதவு திறந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், “அன்னிக்கு நான் சொன்னது தப்பு. வீட்டுக்கு வா” என்றார்.

சுஷ்மிதா பிளாஸ்கைத் திறந்து முகர்ந்தாள். “சுக்கு ஜாஸ்திம்மா” என்றவள் அழுதுவிட்டாள்.

ஆளுக்கு அரை டம்ளர் குடித்து ஒரே கட்டிலில் படுத்தார்கள். நாலரை மணிக்கு எழுந்தபோது தரையெல்லாம் செம்மண், இரண்டு ஜோடிக் காலடிகள். சுஷ்மிதா துடைப்பத்தை எடுத்தாள். வைதேகி குப்பை முறத்தைப் பிடித்துக்கொண்டு, “கட்டிலுக்கு அடியிலயும் பெருக்கு” என்றார்.