கவுண்டருக்குக் கீழே

தையல்காரர் படியேறுவதற்குள் மருந்துக்கடைக்காரி முதுகுவலி மாத்திரை அட்டையை எடுத்துக் கவுண்டரில் வைத்துவிட்டாள். "வாயத் தொறக்கிறதுக்குள்ள எடுத்து வச்சிடுறீங்களேம்மா" என்று அவர் வாராவாரம் சொல்லும்போது அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். புதிதாக வருகிறவர்களை அவள் லேசில் விடுகிறவள் இல்லை. யாருக்கு, எத்தனை நாளாக, வேறென்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்று குடைந்தெடுத்துவிட்டுத்தான் அலமாரிப் பக்கமே திரும்புவாள். பழகின முகம் என்றால் மட்டும் அந்தக் கேள்வியெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ! போன வாரம்கூட, முகம் பூசினாற்போல் இருக்கிறது, வீட்டில் நல்ல கவனிப்பு போல என்று அவரைக் கிண்டல் செய்திருந்தாள்.

இன்று அட்டை அவர் கைதவறிக் கீழே விழுந்தது. குனிய முடியாமல் அவர் தடுமாறவே, இவளே சுற்றிக்கொண்டு வெளியே வந்து குனிந்தாள். அப்போதுதான் அவர் கால்களைப் பார்த்தாள். இரண்டும் புளித்துப் பொங்கிய மாவைப் போல உப்பியிருந்தன. செருப்பு வாரை அறுத்து, நடுவே பேன்ட் துணி ஒட்டுப் போட்டு அகலப்படுத்தியிருந்தார். தையல் என்னவோ நேர்த்தியாகத்தான் இருந்தது.

அவள் அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினாள். கடைக்கார அம்மா தன் காலைத் தொடுகிறாரே என்று அவர் கூச்சத்தில் நெளிந்தார். சிறுநீர் சரியாகப் போகிறதா என்று கேட்டதற்கு, கொஞ்ச நாளாகவே குறைவுதான் என்றார், தரையைப் பார்த்தபடி.

"ஏண்ணே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"வர்றவங்க எல்லாரையும் அவ்வளவு கேள்வி கேக்குறீங்க. என்னை மட்டும் கேக்கல. அப்ப நமக்கு ஒண்ணுமில்லைனு தைரியமா இருந்துட்டேம்மா."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. நம்பிக்கையைச் சொல்கிற குரல். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது. இந்த மாத்திரையே சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கலாம், இனி ஒன்றுகூடப் போடக் கூடாது, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் பரிசோதிக்க வேண்டும் என்று அவளால் சொல்ல முடிந்தது. நான் கேட்டிருக்க வேண்டும் என்பது மட்டும் தொண்டையைத் தாண்டி வரவில்லை.

"அப்ப அந்த அட்டை?" என்று அவர் கையை நீட்டினார், பழக்கதோஷம்.

அவள் அதை உள்ளங்கையில் இறுக மூடிக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்கமுடியாமல் கண்ணைத் தாழ்த்தினாள். காலில் அவள் கட்டைவிரல் அழுத்திய பள்ளம் இன்னும் மேலெழாமல் அப்படியே இருந்தது.