நாலாவது முறை

"வேணாங்கறவங்க கை தூக்குங்க" என்றார் மாமனார். அவர் கையும் மூத்த மகன் கையும் எழுந்தன. "போகட்டும்" என்று தூக்கியவர்கள் மாமியார், மூத்த மருமகள், சின்ன மருமகள்.

சின்னவளுக்கு மூச்சு வந்தது. புருஷன் போய் ஒரு வருஷம். வெளியூர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வேலை கிடைத்திருக்கிறது. இன்று மதியத்துக்குள் சேராவிட்டால் அது வேறொருத்திக்கு. பெட்டி கட்டி வாசலில் தயாராக இருந்தது.

மாமனார் தேர்தல் அலுவலகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். ஓட்டு முறைகளை ஒப்பிட்டுப் புத்தகமே போட்டிருக்கிறார். அச்சடித்தவரும் அவர், படித்தவரும் அவர். தாலி இழந்தவள் தனியாகப் போய்ச் சம்பாதிக்கக் கூடாது என்று நேராகச் சொல்ல அவருக்குக் கூச்சம். அதனால் ஜனநாயகத்தைத் துணைக்கு அழைத்தார்.

"கை தூக்கினா மூஞ்சி பார்த்துத் தூக்குவாங்க. ரகசிய ஓட்டு வைப்போம்."

பிஸ்கட் டப்பாவில் சீட்டு விழுந்தது. மறுபடி மூன்றுக்கு இரண்டு.

"தலைய எண்றதே பழைய முறை" என்றார். "விகிதாசாரம்தான் நியாயம். இந்த வீட்ல வாழ்ந்த பத்து வருஷத்துக்கு ஒரு இடம். மிச்சம் தள்ளுபடி."

நோட்டில் கட்டம் போட்டார். தனக்கு முப்பத்தொன்பது வருஷம், மூன்று இடம். மகனுக்கு முப்பத்தேழு, மூன்று. மனைவிக்கு முப்பத்தொன்பது, மூன்று. மூத்தவளுக்குப் பன்னிரண்டு, ஒன்று. சின்னவள் வந்து நாலு வருஷம்தான், பூஜ்யம்.

"ஆறுக்கு நாலு. தீர்மானம் தோத்துப்போச்சு."

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மாமியார் கத்தியைக் கீழே வைத்தாள். "எனக்கு முப்பத்தொம்பதா? இது எங்கப்பா வீடு. நான் அந்த ரூம்லதான் பொறந்தேன். அறுபத்தேழு போடுங்க."

வீட்டோடு மாப்பிள்ளையாக வந்ததை மாமனார் சுத்தமாக மறந்திருந்தார். மனைவிக்கு ஆறு இடம். இப்போது ஆறுக்கு ஏழு.

அவர் அசரவில்லை. "முடிவு எதுவானாலும் தலைவர் ஒப்புதல் வேணும். அது நாலாவது முறை."

சின்னவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "மாமா, எனக்கு எத்தனை இடம் போட்டிருக்கீங்க?"

"பூஜ்யம். கணக்கு அப்படி வருது, நான் என்ன பண்றது?"

"அப்ப நான் இந்த வீட்லயே இல்ல. இல்லாதவ போறதுக்கு எதுக்கு மாமா ஒப்புதல்?"

பெட்டியைத் தூக்கினாள். மாமியார் கதவை அகலத் திறந்தாள். "நீ கிளம்பும்மா. அஞ்சாவது முறைய இவர் கண்டுபிடிக்கறதுக்குள்ள பஸ் போயிரும்."

அவள் தெருமுனையைத் தாண்டும்போது மாமனார் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்: 'உறுப்பினர் ஒருவர் வெளிநடப்பு.' நாலு வருஷத்தில் அன்றுதான் அவர் அவளை உறுப்பினர் என்று ஒப்புக்கொண்டார்.