மூன்றாவது ஜாடி

ருமியானா கோலேவா ஆலையின் பேச்சுகளையும் கடிதங்களையும் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து வைக்கத் தொடங்கிய ஆண்டு, ரோஜாப் பள்ளத்தாக்கில் சர்க்கரை கிலோ இரண்டு லெவா. ஜாடி மூடி ஒன்று பத்து ஸ்டோடிங்கா காசு. அவள் மின்ச்சோவின் ரோஜா எண்ணெய் ஆலையில் எழுத்தர். ஒரு ஜூன் மாதம் செர்ரிப் பழங்களைச் சர்க்கரைத் தண்ணீரோடு ஜாடியில் அடைத்துக்கொண்டே, வெளிநாட்டிலிருந்து வந்த கடிதம் ஒன்றை முதலாளிக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். ஜனவரியில் அந்த ஜாடியைத் திறந்தபோது கடிதம் முழுவதும், ஒரு கமா தவறாமல், அவள் குரலிலேயே வெளியே வந்தது. செர்ரி கொஞ்சம் புளித்துவிட்டதே என்பதுதான் எல்லாருக்கும் வருத்தம்.

அதன்பின் கடிதம் வந்தால் ஜாடிக்குள் படித்தாள். தொலைபேசி, வீடியோ அழைப்பு என்றால் மூன்று ஜாடிகளை மேஜையில் வாய்திறந்து வைத்தாள். பேச்சு முடிந்ததும் கொதிகலன்காரன் நெதியால்கோ அவற்றை எடுத்துப்போய், மூடிகளைக் கைமெஷினால் நெரித்து, கொதிநீரில் இருபது நிமிடம் வைத்து எடுப்பான். ஒன்று ஆலையின் நிலவறைக்கு, ஒன்று அவள் வீட்டுக்கு, மூன்றாவது மலைக்கு அந்தப் பக்கம் அவன் அக்கா ஸ்டோயன்கா வீட்டுக்கு. ஒரு ஜாடி ஒருமுறைதான் பேசும். அதனால் ஆண்டுக்கொரு முறை முதல் இரண்டு இடங்களிலும் சிலவற்றைத் திறந்து, கெட்டுப்போகாமல் இருக்கின்றனவா என்று சோதிப்பாள். மலை தாண்டிப் போய்ச் சோதிக்க நேரம் வாய்க்கவில்லை.

"கம்ப்யூட்டர்ல எல்லாம் பத்திரமா இருக்கும்மா. நீ ஊறுகா போட்டுக்கிட்டிருக்கே" என்று சிரிப்பார் மின்ச்சோ.

"அது கைவிட்டா இந்த ஊறுகாயத் தொட்டுக்கிட்டுத்தான் நாம பொழைக்கணும், முதலாளி."

ஏழாவது ஆண்டு ஆற்று வெள்ளம் ஆலைக்குள் வந்து, கம்ப்யூட்டர்களை முழுக்காட்டிவிட்டுப் போனது. அடுத்த மாதம் ஓர் அந்நிய வாசனைத் திரவிய நிறுவனத்தின் வக்கீல் வந்தார். பத்து ஆண்டுகளுக்குப் பள்ளத்தாக்கின் பூ முழுவதையும் அவர்களுக்கே கொடுத்து, ஆலையை மூடிவிட மின்ச்சோ சம்மதித்துவிட்டாராம். அன்றைய வீடியோ அழைப்பின் பதிவையும் போட்டுக் காட்டினார். அதில் குரல் இல்லை, படம் மட்டும். நிறுவனத்துக்காகப் பூ வாங்குபவர் மூன்று முறை கேட்கிறார், மின்ச்சோ மூன்று முறையும் தலையை மேலும் கீழும் ஆட்டுகிறார். அந்த ஊரில் அப்படி ஆட்டினால் முடியாது என்று பொருள்; இடமும் வலமுமாக ஆட்டினால்தான் சரி. ஆனால் அந்நியரோடு பேசும்போது, மரியாதைக்காக அவர்கள் வழக்கப்படி மாற்றி ஆட்டும் பழக்கம் மின்ச்சோவுக்கு உண்டு.

"அன்னிக்கு எந்த ஊர்த் தலைய ஆட்டினேன்னு எனக்கே தெரியலியே" என்று அவர் உட்கார்ந்துவிட்டார். ஆலை போனால் நாற்பது குடும்பம் தெருவில். ப்ளோவ்திவ் நகர நடுவர் ஒன்பது நாள் தவணை கொடுத்தார்.

அந்த அழைப்பை அடைத்த மூன்றில், முதலில் நிலவறை ஜாடியைத் திறந்தாள் ருமியானா. வெள்ளநீர் புகுந்திருந்தது, குமிழி விடும் சத்தம்தான் வந்தது. வீட்டு ஜாடி இருந்த இடமே காலி. அவள் தம்பி கான்ச்சோ தலையைச் சொறிந்தான்.

"ரக்கியாவுக்குத் தொட்டுக்க மிளகா ஊறுகான்னு நெனச்சுத் திறந்தேங்க்கா. உள்ளேர்ந்து யாரோ அந்நிய பாஷைல பேசினான். பயந்து இன்னும் ரெண்டு கிளாஸ் குடிச்சேன்."

"என்ன சொன்னாங்கன்னாவது நெனவிருக்காடா?"

"ரக்கியா பாட்டில் மட்டுந்தான் நெனவிருக்கு."

மிச்சம் மூன்றாவது. அதைச் சொன்னதும் நெதியால்கோவின் முகம் கொதிகலன் போலச் சிவந்தது.

"அது வேண்டாமேங்க. வேற வழி பாக்கலாம்."

"ஏன், உங்க அக்கா ஊறுகான்னு தின்னுட்டாங்களா?"

"அது இல்லைங்க..." என்று இழுத்தபடி கொதிகலன் பக்கம் நழுவினான்.

அவள் கிளம்பிவிட்டாள். மலைப்பாதையில் மண் சரிந்து பேருந்து நின்றது. பதினொரு கிலோமீட்டர் நடந்தாள். ஸ்டோயன்கா கொடுத்த சூப்பை நின்றபடியே குடித்துவிட்டு, ஜாடியைக் கம்பளிச் சால்வையில் சுற்றி மார்போடு கட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்பினாள். ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு, சேறு காயாத பூட்சோடு நடுவர் முன்னால் ஜாடியை வைத்தாள்.

நடுவர் மூடியைப் பார்த்தார், சேதமில்லை என்று எழுதிக்கொண்டார், திறக்கச் சொன்னார். வாங்குபவரின் கேள்வி வந்தது. பின்னாலேயே மின்ச்சோவின் நாக்கிலிருந்து ஒரு 'த்ச்'. இரண்டாம் முறை கேள்வி, 'த்ச்'. மூன்றாம் முறையும் 'த்ச்'. தலையாட்டலோடு அந்த 'த்ச்' சேர்ந்தால் முடியாது என்பது அங்கே தொட்டில் குழந்தைக்கும் தெரியும். நடுவர் எழுதிய தீர்ப்பு இரண்டு வரி: ஆலை ஆலையாகவே இருக்கும்.

ஆனால் ஜாடி நிற்கவில்லை. மூடி நெரிபடும் ஓசைக்குச் சற்று முன்னால், நெதியால்கோவின் குரல் தாழ்ந்து கேட்டது: "ருமியானா, இன்னிக்கு அந்தப் பச்சை ஸ்வெட்டர் உனக்கு ரொம்ப நல்லா இருக்கு. இன்னும் எத்தனை ஜாடிதான் நான் மூடுறது? என்னைக் கட்டிக்கிறியா?"

மூன்றாவதை யாரும் திறக்கப்போவதில்லை என்று நம்பி, ஏழு ஆண்டுகளாக ஒவ்வொன்றிலும் ஒரு வரி அடைத்து வந்திருக்கிறான். நடுவர் அதையும் குறிப்பில் ஏற்றி, 'ஸ்வெட்டர்' எந்த எழுத்தில் தொடங்கும் என்று கேட்டுக்கொண்டார். ருமியானா திரும்பினாள். கடைசி பெஞ்சில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிரும்வரை காத்திருந்து, தலையை மெல்ல இடமும் வலமுமாக ஆட்டினாள். அந்நிய வக்கீல் மனம் இளகி, ஆறுதலாக நெதியால்கோவின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

ஸ்டோயன்கா வீட்டில் இன்னும் அறுநூற்றுப் பதினொரு ஜாடிகள் இருந்தன. கல்யாணத்துக்குப் பிறகு மாதத்துக்கு ஒன்று கொண்டுவந்து, ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு மேல் இருவரும் திறந்து கேட்கிறார்கள். மூடி விலை இப்போது இருமடங்காகிவிட்டது. இருந்தும், திறப்பதற்கு முன் மூன்று காலி ஜாடிகளைப் பக்கத்தில் வாய்திறந்து வைக்க அவள் ஒருநாளும் தவறியதில்லை.