அப்பாசாமியின் தாடை

2003ஆம் வருடம், ஒரு பௌர்ணமி நாள். கிரிவலக் கூட்டத்தில் திருவண்ணாமலையே திணறிக்கொண்டிருந்தது. என் பல் ஆஸ்பத்திரியில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். அத்தனை பேர் காதிலும் விழும்படி அப்பாசாமி கத்தினார்.

"எலும்புக்கு சிமெண்ட் வெக்கறேன்னு சொல்லி என் தாடையையே அழுக வெச்சுட்டாங்க இந்த டாக்டரம்மா!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிர் வைக்கிற மனிதர். கடைவாய்ப் பல்லுக்கு அடியில் இருந்த கட்டி தாடை எலும்பைத் தின்று வைத்திருந்தது. பல்லைப் பிடுங்கி, கட்டியைச் சுரண்டி எடுத்து, அந்தப் பள்ளத்தில் எலும்பு சிமெண்டைக் குழைத்து அடைத்துத் தையல் போட்டேன். உடம்பு ஏற்றுக்கொள்கிற சிமெண்ட் அது. மெல்ல மெல்லச் சொந்த எலும்பு அதைப் பிடித்துக்கொண்டு வளரும். பத்தே நாளில் சீழோடு வந்து நின்றால் தப்பு யாருடையது? அவருடையதுதான், வேறென்ன!

"பீடி குடிச்சீங்களா?"

"அண்ணாமலையார் மேல சத்தியமா இல்ல."

"சும்மா சத்தியம் பண்ணாதீங்க. உள்ள வாங்க."

அன்றே திறந்து கழுவாவிட்டால் சீழ் கழுத்துக்கு இறங்கிவிடும். அப்புறம் உயிருக்கே ஆபத்து. ஆனாலும் முதலில் ஒரு தாளைத்தான் நீட்டினேன். 'டாக்டர் சொன்னபடி நடக்காதது என் தப்பு' என்று எழுதியிருந்தேன். வலியோடு கையெழுத்துப் போட்டார். எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

வாய்க்குள் விளக்கைக் காட்டினேன். தையல் மேல் சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது.

"என்ன இது?"

அவர் மனைவி சந்திரம்மாள் கதவருகில் நின்றபடியே சொன்னாள். "விபூதிங்க. கோயில்ல குடுத்தது. காலைல ஒரு சிட்டிகை, சாயங்காலம் ஒரு சிட்டிகை, நான்தான் வெச்சேன்."

"ஏம்மா, புத்தி இருக்கா உங்களுக்கு? புண்ல போய் யாராவது சாம்பலை அடைப்பாங்களா?"

அவளும் விடவில்லை. "ஜாஸ்தி பேசாதீங்க. அன்னிக்கு அந்த வெள்ளை சிமெண்ட் தூளைக் காட்டி என்ன சொன்னீங்க? 'பயப்படாதீங்க, இதுவும் விபூதி மாதிரிதான், உடம்பை ஒண்ணும் பண்ணாது'ன்னு சொன்னீங்களா இல்லியா? உங்க விபூதியே ஒண்ணும் பண்ணாதுன்னா சாமி விபூதி என்ன பண்ணிடும்னு வெச்சேன்."

சொல்லியிருந்தேன். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வேன், சொல்லிவிட்டுச் சிரிப்பேன். புண்ணில் எதையும் வைக்கக்கூடாது என்றும் சொன்னேன். ஆனால் அந்த 'எதையும்' கணக்கில் விபூதி வராது என்பது இந்த ஊரிலேயே பிறந்த எனக்குத் தெரியாதா? என் மேலேயே சீ என்று இருந்தது.

"வாயைத் திறங்க" என்றேன்.

அப்பாசாமி உதட்டை இறுக்கிக்கொண்டார். பிறகு, "அந்தத் தாளைக் கிழிம்மா. அப்புறம் திறக்கறேன்" என்றார்.

"சீழ் கழுத்துக்கு எறங்கினா செத்துப் போவீங்க."

"செத்தா சாவறேன். நீ சொன்ன சொல்லுக்கு நான் கையெழுத்துப் போட்டுட்டுப் போவமாட்டேன்."

தாளை எடுத்து நாலாகக் கிழித்தேன். அது போதாது என்பதுபோல் பார்த்தார்.

"தப்பு என்னுதுதான்" என்றேன்.

"வெளிய இருக்கறவங்களுக்குக் கேக்கல."

கதவைத் திறந்துவைத்துச் சத்தமாகச் சொன்னேன். அப்பாசாமி வாயைத் திறந்தார்.