துப்பாக்கிக்குச் சந்தனக்காப்பு

மனிதனுக்கும் ஆயுதத்துக்கும் உள்ள பந்தம் தெய்விகமானது. அதை எந்தச் சட்டத்தாலும் அறுக்க முடியாது. இந்த மகத்தான உண்மையை 1972 மார்ச் மாதம் மேற்கு ஜெர்மனிக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு, ஆஹென் நகரில் ஆராய்ச்சி மாணவராக இருந்த வாசுதேவன் தலையில் விழுந்தது. அதுவரை அவர் கையாண்டதில் கொடிய ஆயுதம் வெங்காயம் நறுக்கும் கத்தி.

எல்லாம் ஸ்காலர்ஷிப்புக்காக. அதைக் கொடுத்துவந்தது பிரோக்மன் துப்பாக்கிக் கம்பெனி. ஜூனில் முடிகிறது, ஆய்வேட்டை முடிக்க இன்னும் ஒரு வருஷம் வேண்டும். கம்பெனிக்கும் ஒரு கவலை இருந்தது. வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கவும் இனி அனுமதி அட்டை வேண்டும் என்று தலைநகர் பானில் சட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. ஒரு விருந்தில் வாசுதேவன் பேச்சுவாக்கில் ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்லிவைக்க, முதலாளி பிரோக்மன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆயுதத்தைக் கும்பிடுகிற நாடா! எம்.பி.க்களை அழைக்கிறேன், அவர்கள் முன்னால் செய்து காட்டுங்கள். உங்கள் ஸ்காலர்ஷிப்பையும் அப்போதே பேசிவிடலாம்."

"பங்குனியில ஆயுத பூஜையா? சரஸ்வதி லீவுல இருப்பாளே, வாசு!" என்றாள் உடன் படிக்கும் பாமா.

"கிண்டல் பண்ணாதே. உங்கிட்ட சந்தனம் இருக்கா?"

"ஒரு டின் இருக்கு. தாராளமாக் குழைச்சுப் பூசு. ஒரு வருஷ ஸ்காலர்ஷிப்னா சும்மாவா?"

தாராளமாகவே பூசினார். வெல்வெட் விரித்த மேஜைமேல் கம்பெனியின் விலை உயர்ந்த துப்பாக்கி, குழாய் நெடுகச் சந்தனக்காப்பும் குங்குமமுமாகக் கிடந்தது. தேங்காயைத் தானே உடைப்பேன் என்றார் பிரோக்மன். நாலாவது அடியில் உடைந்தது. "ஐயாயிரம் வருஷப் பண்பாடு!" என்று மூச்சிரைக்க அறிவித்தார். எம்.பி.க்கள் எழுந்து நின்றார்கள்.

அவர்களில் ஓர் அம்மாள் மட்டும் கேட்டார்: "உங்கள் வீட்டில் என்னென்ன ஆயுதங்களை வைத்துக் கும்பிடுவீர்கள்?"

வாசுதேவனுக்குச் சட்டென்று பொய் வராது. "தையல் மெஷின். அப்பாவின் சைக்கிள். காய் நறுக்கும் அரிவாள்மணை."

"துப்பாக்கி?"

"அதற்குக் கலெக்டர் ஆபீஸில் லைசென்ஸ் வாங்க வேண்டும். லேசில் கொடுக்க மாட்டார்கள்."

"ஆக, கும்பிடுகிற நாட்டிலேயே லைசென்ஸ் கேட்கிறார்கள்," என்றார் அம்மாள், மற்றவர்களைப் பார்த்து.

பிரோக்மன் அவசரமாக எல்லோரையும் சாப்பிட அழைத்தார்.

"அரிவாள்மணையை எதுக்குடா சொன்னே?" என்று பாமா தலையில் அடித்துக்கொண்டாள்.

"கேட்டாளே!"

சட்டம் நிறைவேறியது. பிரோக்மன் பெருந்தன்மையானவர்; அந்தப் பதிலை மன்னித்துவிட்டார். ஸ்காலர்ஷிப்பை நிறுத்தியதற்கு அவர் சொன்ன காரணம் வேறு. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள்வரை யாரும் தொடக் கூடாது என்று வாசுதேவன் சொல்லியிருந்தார். சட்டமே வேண்டாம் என்ற கம்பெனி, இந்த விதியை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தது. மறுநாள் ஈரச் சந்தனத்தை வழித்துப் பார்த்தால் குழாய் நெடுகத் துரு.

வாசுதேவனின் ஆராய்ச்சி, எஃகைத் துருப்பிடிக்காமல் காப்பது பற்றியது.