பின்கழுத்துக் குறிப்புகள்

கணவன் புளுகுகிறான் என்பது மூக்கம்மாவுக்கு ஒரே ஒரு வரியில் தெரிந்துபோயிற்று. அந்த வரி அழகாக இருந்தது. அதுதான் தடயம்.

மூக்கம்மா என்பது சென்ட் கம்பெனியில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். கீழே பாட்டிலில் அடைக்கிற கூடம், மாடியில் கலவை அறை, அவ்வளவுதான் கம்பெனி. பதினாறு வருடமாக அந்த மாடியில் கலவை போடுகிறவள் அவள். கண்ணை மூடிக்கொண்டு நானூறு குப்பிகளுக்குப் பெயர் சொல்லுவாள். இந்தத் தடவை முதலாளி கேட்டது, வெயில் காலத்தில் பகல் வேளையில் போட்டுக்கொண்டு போக ஒரு சென்ட். "ஆளை அடிச்சுச் சாய்க்கக் கூடாது. பக்கத்துல உக்காந்து மெதுவா பேசணும்," என்று சொல்லியிருந்தார். அவளும் ஒடித்த தண்டின் பச்சை வாசத்தை மேலே வைத்து, நடுவில் கசக்கிய மூலிகை, அடியில் தேவதாரு, வெட்டிவேர் என்று வீடு கட்டுகிற மாதிரி கட்டிக்கொண்டு வந்தாள்.

ஆனால் கலவை அறையில் எந்நேரமும் ஏசி ஓடும். வெயில் காலச் சரக்கை அங்கே சோதிப்பது, கடைக்குள்ளேயே குடையை விரித்துப் பார்த்து மழைக்குத் தாங்கும் என்று வாங்குவதற்குச் சமம். வேர்க்கிற தோல் ஒன்று வேண்டும். அது வீட்டிலேயே சும்மா கிடைத்தது. கணவன் டவுன் பஸ் டிரைவர். என்ஜின் சூடு முன்னால், வெயில் பக்கவாட்டில் என்று எட்டு மணி நேரம் வேகிற உடம்பு. தினமும் காலையில் அவன் பின்கழுத்தில் இரண்டு தடவை அடித்து, சட்டைப் பையில் ஓர் அட்டையைச் செருகி அனுப்புவாள். பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் எப்படி மணக்கிறது என்று அவன் எழுதிக்கொண்டு வர வேண்டும்.

முதல் பத்து நாளும் ஒரே அட்டைதான். பத்து மணி: நல்லா இருக்கு. ஒரு மணி: நல்லா இருக்கு. மூணு மணி: இருக்கு.

பதினோராம் நாள் வந்த அட்டை வேறு. பத்து மணி: புல்லு வெட்டின இடத்துல செருப்பில்லாம நிக்கிற மாதிரி. ஒரு மணி: பென்சில் சீவின டப்பாவைத் திறந்த மாதிரி. மூணு மணி: வரேன்னு சொல்லிட்டு மழை வராமப் போன மண்ணு.

கோழி கிளறிய கையெழுத்து கணவனுடையதுதான். ஆனால் அடுப்பில் பால் தீய்ந்தால்கூட அவனுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்து சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து பெண்டாட்டியைப் பார்த்து "நல்லா இருக்கே" என்பதற்கு மேல் ஒரு சொல் செலவழித்ததில்லை. அவனுக்கு எங்கிருந்து வந்தது மழை வராத மண்?

"இது யார் எழுதினது?"

"என் கையெழுத்து உனக்குத் தெரியாதா?"

"கை தெரியுது. வாய் யாருதுன்னு கேக்குறேன்."

"நான்தாம்மா. மூக்கே இல்லாத மனுஷன்னு நீதானே திட்டிக்கிட்டிருந்தே? இப்ப முளைச்சிருக்குன்னா அதுக்கும் விசாரணையா?"

அவள் மேலே கேட்கவில்லை. கையில் பிடி கிடைக்குமுன் பேரத்தைத் தொடங்கினால் நமக்குத்தான் நஷ்டம். ஆனால் ராத்தூக்கம் போயிற்று. சென்ட் அடித்தது பின்கழுத்தில். அங்கே மூன்று மணிக்கு என்ன மணக்கிறது என்று ஒருத்தி சொல்கிறாள் என்றால், அவள் மூக்கு எங்கே இருக்கிறது? ஆண்பிள்ளை இப்படிப் பேச மாட்டான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொன்றும் உறுத்தியது. அதைத் தனக்குத்தானே ஒப்புக்கொள்ள மூன்று நாள் பிடித்தது. அந்த மூக்கு நல்ல மூக்கு.

பதினாலாம் நாள் அட்டையில் இப்படி இருந்தது: மூணு மணிக்கு வேர்வையோட சேர்ந்து பல் டாக்டர் ரூம் வாடை. லேசாத்தான். ஆனா ஒரு தடவை தெரிஞ்சா அப்புறம் அது மட்டும்தான் தெரியுது.

கம்பெனியில் மறுபடி முகர்ந்தாள். ஒன்றும் இல்லை. கையில் அடித்துக்கொண்டு மொட்டை மாடியில் போய் நின்றாள். ஒரு மணி நேரம் வெயிலில் கருவாடாகக் காய்ந்த பிறகு வந்தது, கிராம்பு. கலவைக்கு முதுகெலும்பாக இருக்கட்டும் என்று அவளே போட்ட இரண்டு சொட்டு. புருஷனில் பங்கு கேட்கிறவள் என்றால் மயிரைப் பிடித்துச் சண்டை போடலாம். தொழிலிலும் குற்றம் கண்டுபிடித்து, அதுவும் சரியாகக் கண்டுபிடிக்கிறவளை என்ன செய்வது? கிராம்பை எடுத்துவிட்டுப் புதுக் கலவையை மறுநாள் கணவன் கழுத்தில் அடித்தாள். மிச்சம் தன் மணிக்கட்டிலும் தெறித்தது. கம்பெனிக்கு அரைநாள் லீவு சொன்னாள்.

முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு மூன்று மணி நெருங்கும்போது அவன் பஸ்ஸில் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். கண்டக்டர் ஒரு பெண். நாற்பதுக்குள் இருக்கும், காதில் பென்சில். டிரைவருக்கு நேர் பின்னால் அவளுக்கு ஒற்றைச் சீட்டு. டிக்கெட் கொடுக்க வந்தவள் மூக்கம்மாவின் கையருகே ஒரு விநாடி நின்றாள். நாசி ஒரு தடவை விரிந்தது. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டாள்.

பஸ் காலியாகத்தான் ஓடியது. பேச்சு பின்சீட்டு வரை கேட்டது.

"அண்ணே, மூணு மணி. அட்டையை எடுங்க."

"சிக்னல் வரட்டும். ம், சொல்லு."

"இன்னிக்குப் பல் டாக்டர் ஊரைக் காலி பண்ணிட்டாரு. அண்ணி கெட்டிக்காரிதான்."

"நான் சொன்னா எதைக் கேட்டிருக்கா? நீ சொன்னாத்தான் கேக்குறா."

"நான் சொல்றேன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வீட்டுக்கு எந்த மூஞ்சியோட போறது? எனக்கு மூக்கு முளைச்சிடுச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

இருவரும் சிரித்தார்கள். 'அண்ணே'யை மூக்கம்மா நம்பவில்லை. அண்ணே என்று கூப்பிடாமல் விலையைக் குறைத்த ஆளை அவள் சந்தையில் கண்டதில்லை.

அடுத்த நிறுத்தத்தில் முன்சீட்டுக்கு மாறினாள். அங்கேதான் புரிந்தது. யாரும் யார் கழுத்திலும் மூக்கை வைக்க வேண்டியதில்லை. டிரைவர் ஜன்னலில் நுழைகிற காற்று அவன் பின்கழுத்தைத் துடைத்துக்கொண்டு நேரே அந்த ஒற்றைச் சீட்டில் போய் இறங்குகிறது. ஒரு வளைவில் பஸ் திரும்பியபோது ஒரே ஒரு மூச்சு தப்பி இவள் பக்கம் வந்தது. ஈரப் பச்சை, அதன் அடியில் வெயில் பட்ட மரம். நாலு மாதம் மனசில் வைத்திருந்தும் ஒரு நாளும் முகர்ந்து பார்க்கக் கிடைக்காத சரக்கு. செய்தவள் இவள், சுமக்கிறவன் இவள் புருஷன், காற்று தினமும் எட்டு மணி நேரம் அதை இன்னொருத்தி விலாசத்தில் இறக்கிக்கொண்டிருக்கிறது. கழுத்தில் மூக்கை வைத்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

கேட்டுவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தாள். வீட்டில் கேட்டால் அவன் சிரிப்பான், பஸ்ஸில் கேட்டால் அவள் சிரிப்பாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள்.

அந்த வாரமே முதலாளி அட்டைக் கட்டைப் படித்துவிட்டுத் துள்ளினார். "உன் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா. இந்த மூக்கை வெச்சுக்கிட்டு பஸ் ஓட்டுறது பாவம்."

கணவன் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். முதலாளி குப்பிகளில் தோய்த்த காகிதப் பட்டைகளை ஒவ்வொன்றாக நீட்டினார்.

"நல்லா இருக்குங்க," என்றான்.

இரண்டாவது. "இதுவும் நல்லா இருக்குங்க."

மூன்றாவது. "இதுதாங்க எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிடுது."

மூன்றாவது வெறும் தண்ணீர். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப இந்த அட்டையெல்லாம்? நீயே எழுதிக் கொடுத்தியாம்மா?"

ஆமாம் என்று சொல்லலாம். வழியை அவரே திறந்து வைத்திருக்கிறார். சொன்னால் அந்தப் பெண் பஸ்ஸிலேயே இருப்பாள், அதே சீட்டில், அதே காற்றில். உண்மையைச் சொன்னால் இங்கே வருவாள், இதே மேஜைக்கு. மூக்கம்மா இரண்டையும் தராசில் வைத்தாள். ஒரு தட்டில் பதினாறு வருடத்துப் பெயர், இன்னொன்றில் ஒரு பின்கழுத்து. கழுத்துத் தட்டு சரசரவென்று இறங்கியது.

"இவர் பஸ் கண்டக்டர் சொன்னது சார். இந்த ரூம்ல இருக்க வேண்டிய ஆள்."

கணவன் தன் செருப்பை முதல்முறையாகப் பார்ப்பவன்போல் பார்த்துக்கொண்டிருந்தான்.

கண்டக்டர் தன் ஓய்வு நாளில் வந்தாள். தண்ணீர்ப் பட்டையை முகர்ந்து, "இது குழாய்த் தண்ணிங்க. குப்பியைச் சரியா கழுவலை, பழைய எலுமிச்சை ஒட்டிக்கிட்டிருக்கு," என்றாள். முதலாளிக்கு வாய் மூடவில்லை.

"வாரத்துல ரெண்டு நாள் வந்தாப் போதும்மா," என்றார்.

மூக்கம்மா விரலில் கணக்குப் போட்டாள். மீதி நாளெல்லாம் பஸ்தானே. "ரெண்டு நாள்ல எந்த மூக்கு சார் பழகும்? முழு நேரமா எடுங்க."

"அங்க எனக்கு நிரந்தர வேலைங்க," என்றாள் கண்டக்டர். "விட்டுட்டு வர்றதுன்னா..."

"என் சம்பளத்துல முக்கால் குடுங்க சார்," என்றாள் மூக்கம்மா.

கண்டக்டர் தலையை ஆட்டினாள், பக்கவாட்டில்.

"சரி, எனக்குச் சமமா."

மறுபடியும் பக்கவாட்டில்.

"கொஞ்சம் கூடவே போட்டுக் குடுங்களேன், என்ன இப்ப."

"ஏம்மா, நீ யார் பக்கம்?" என்றார் முதலாளி.

"சரக்கு நல்லாயிருந்தா விலையைப் பாக்காதேன்னு நீங்கதானே சார் சொல்லுவீங்க."

பேரம் படிந்தது. படியிறங்கும்போது கண்டக்டர் அவள் பக்கத்தில் நடந்தாள். "எனக்காக இவ்வளவு பேசினீங்களே அண்ணி."

"திறமைக்குப் பேசினேன்."

"பின்சீட்டுல கிராம்பில்லாத சரக்கைக் கையில போட்டுக்கிட்டு வந்தது நீங்கதானே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் சீட்டு மாறி உக்காந்திருப்பேன் அண்ணி. செலவே இல்லாம முடிஞ்சிருக்கும்."

மூக்கம்மா மீதிப் படிகளை எண்ணி இறங்கினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, எதிராளி கேட்காமலே விலையை ஏற்றிக் கொடுத்திருக்கிறாள்.

அடுத்த மாதம் முதல் தேதி கண்டக்டர் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். புதுக் கலவையை முகர்ந்து, புருவத்தைச் சுருக்கி, "ம்ம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பட்டையைக் கீழே வைத்தாள்.

மூக்கம்மா கேட்கவில்லை. தானே கண்டுபிடித்துவிடுவது என்று அதே கலவையை ஏழு தடவை முகர்ந்தாள், மொட்டை மாடிக்குக்கூடப் போய் வந்தாள். ஒன்றும் அகப்படவில்லை. சாப்பாட்டு மணி வரை தாங்கினாள். பிறகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி சொல்லு. என்ன தெரியுது?"